ஒரே சமையலறை என்று நான்தான் சொன்னேன்

சிங்கப்பூரில், புக்கிட் மேரா பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியின் கேண்டீனில் பதினெட்டு வருடம் கடை வைத்திருந்தேன். சைவக் கடை. இட்லி, தோசை, எண்ணெய் குறைத்த மீ கோரெங் என்கிற வறுத்த நூடுல்ஸ், வெள்ளிக்கிழமை மட்டும் தக்காளிச் சோறு. பிள்ளைகளுக்கு நான் ஆன்ட்டி. என் பெயர் தெரிந்த பிள்ளை ஒன்றுகூட இருந்திருக்காது. அதில் எனக்குக் குறையில்லை. பெயர் கேட்கவா அவர்கள் வரிசையில் நின்றார்கள்?

பதினாறாவது வருடத்தில் கடைக்காரர்களைக் கூப்பிட்டு ஒரு செய்தி சொன்னார்கள். பள்ளியை மேம்படுத்தப் போகிறார்கள். கேண்டீனை இடித்துப் புதிதாகக் கட்டுவார்கள். இரண்டு வருடம் வேறோர் இடத்தில் பள்ளி நடக்கும், பிறகு எல்லோரும் திரும்பி வரலாம். எல்லோரும் என்றால் யார் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். எனக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. அந்தக் கடையை விட்டால் வேறு கடை கிடைக்காது. காப்பிக்கடையில் ஒரு மூலை எடுத்தால்கூட வாடகை கொடுத்து மாளாது. பள்ளிக் கேண்டீனில் வாடகை குறைவு, அதனால்தான் என்னைப் போன்றவர்கள் அங்கே பிழைத்தோம். புதுக் கேண்டீனில் என் கடை இருக்குமா என்பதுதான் அந்த இரண்டு வருடமும் எனக்கு இருந்த ஒரே கவலை.

கட்டுவதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்றும் சொன்னார்கள். சொன்னவர் பள்ளியின் நடவடிக்கை மேலாளர். கட்டடம், தண்ணீர், மின்சாரம், கேண்டீன் எல்லாம் அவர் பொறுப்பு. தமிழர். நல்ல மனிதர்தான், ஆனால் எதைச் சொன்னாலும் பரிசு விழுந்ததுபோலச் சொல்வார்.

"நீங்க கட்டுற ஜிஎஸ்டிதாம்மா இப்படித் திரும்பி வருது. உங்க காசுலதான் உங்களுக்கே புதுக் கேண்டீன்."

"அப்ப சாவியை என்கிட்டயே குடுத்துடுங்க சார்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பொருள் சேவை வரி ஏழு விழுக்காட்டிலிருந்து எட்டாகி, எட்டிலிருந்து ஒன்பதாகியிருந்த சமயம் அது. என்னுடையது சின்னக் கடை. அந்த அளவு வியாபாரத்துக்கு வரிக்குப் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு செய்யாதவர் வரி வசூலிக்கவும் கூடாது. ஆனால் உளுந்து வாங்கினால் வரி, எண்ணெய் வாங்கினால் வரி, அடுப்புக்கு காஸ் வாங்கினால் வரி. பெரிய கம்பெனிக்காரர் தான் கொடுத்த வரியைக் கணக்குக் காட்டிக் கழித்துக்கொள்வார். நான் யாரிடம் கழிப்பது? இட்லி விலையைப் பத்துக் காசு ஏற்ற வேண்டுமென்றாலும் பள்ளி சம்மதிக்க வேண்டும். பள்ளி சம்மதிக்காது. பெற்றோர் புகார் செய்வார்கள்.

சனிக்கிழமை காலையில் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளி ஒரு பாய் கடையில் மளிகை எடுப்பேன்.

"பாய், போன மாசம் இந்த விலை இல்லையே."

"நான் ஏத்தலம்மா. மேல ஏத்துனாங்க. நான் சும்மா வாங்கிக் குடுக்குற போஸ்ட்மேன்."

"போஸ்ட்மேனுக்கு இவ்வளவு பெரிய தொப்பையா?"

"இது பிரியாணித் தொப்பை. அதுக்கும் ஜிஎஸ்டி கட்டியாச்சு."

இந்த வரியில்தான் எங்கள் பள்ளியைக் கட்டுகிறார்களாம் என்று அவரிடம் சொன்னேன். அவர் துவரம்பருப்பைக் கட்டிக்கொண்டே தலையை ஆட்டினார்.

"பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம், ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம், ரோட்டுக்குக் கொஞ்சம். எல்லாத்தையும் ஒரே சட்டியில போட்டுத்தாம்மா கிண்டுறாங்க. உன் காசு எந்தச் செங்கல்லுன்னு தேடாத. கெடைக்காது."

அவர் சொன்னது சரி. ஆனால் நான் தேடுகிற ஆள்.

வரியே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தக் கேண்டீனை இடிக்கத்தான் வேண்டும். ஐந்து கடைக்கு ஐந்து அடுப்பு, ஐந்து புகைப்போக்கி, அதில் மூன்று வேலை செய்யாது. பாத்திரம் கழுவ ஒரே இடம், அதுவும் கழிப்பறைக்குப் பக்கத்தில். பெரிய மழை வந்தால் சாக்கடைத் தண்ணீர் திரும்பி என் கடைக்குள் வரும். கணுக்கால் நனைய நின்று தோசை ஊற்றியிருக்கிறேன். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

தட்டுப் பிரிக்கும் வேலை வேறு. ஒவ்வொரு கடைத் தட்டுக்கும் ஒரு நிறம். முஸ்லிம் கடைக்குப் பச்சை, மீ கடைக்குச் சிவப்பு, எனக்கு மஞ்சள். சாப்பிட்டு முடித்த பிள்ளைகள் நிறம் பார்த்து அந்தந்தத் தொட்டியில் போட வேண்டும். பார்த்துப் போடுகிற வயதா அது? இடைவேளை முடியும் மணி அடித்ததும் நாங்கள் தொட்டிகளைக் கவிழ்த்து, எச்சில் தட்டுகளை நிறம் நிறமாகப் பிரித்து, அவரவரிடம் சேர்ப்போம். பச்சைத் தட்டு சிவப்புத் தொட்டியில் கிடந்தால் முஸ்லிம் கடைக்காரி அதைத் திரும்பக் கடையில் சேர்க்கமாட்டாள். ஒதுக்கிவிடுவாள். அவள் மேல் தப்பில்லை, அவளுடைய ஹலால் சான்றிதழ் அப்படி.

அவளும் தமிழ்தான். அவள் தாத்தா காலத்தில் நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். என்னைவிடப் பத்து வயது சிறியவள். நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறும் கோழிச்சோறும் விற்றாள். எனக்குக் காய்ச்சல் என்றால் என் தட்டுகளையும் அவளே பிரிப்பாள். மீ கடை ஒரு சீனக் கிழவருடையது. எழுபது தாண்டியவர். எங்களோடு மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார், அதுவும் கொஞ்சம்தான். மற்ற இரண்டும் பானக் கடையும் பழக் கடையும். அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இடிப்பதற்கு முன்னால் ஒரு கூட்டம் வைத்தார்கள். கட்டடத்தை வடிவமைக்கும் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். சின்ன வயது, தமிழ்ப் பெண். கேண்டீன் மேசையில் வரைபடத்தை விரித்தாள். "உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க ஆன்ட்டி, அங்கிள். ஓப்பனா சொல்லலாம்."

இப்படிக் கேட்டால் எங்கள் ஆட்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். கடை ஒப்பந்தத்தை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். குறை சொன்ன ஆளின் முகம் அப்போது ஞாபகத்துக்கு வரும் என்று பயம். சீனக் கிழவர் "ஓகே லா, எல்லாம் ஓகே" என்றார். முஸ்லிம் கடைக்காரி, ஃபேன் மட்டும் இரண்டு கூடப் போடச் சொன்னாள். நான் அந்தப் பெண்ணிடம் பேனாவை வாங்கினேன்.

"அஞ்சு அடுப்பு அஞ்சு சாக்கடை எதுக்கு? பின்னாடி நீளமா ஒரே கிச்சன் போடுங்க. சாக்கடை நடுவுல வரட்டும், இந்தப் பக்கம் சாய்வா. எக்ஸாஸ்ட் ஒண்ணு போதும், ஆனா வேலை செய்யிறதாப் போடுங்க. கழுவுறதும் அங்கேயே. முன்னாடி அஞ்சு ஜன்னல். அவங்கவங்க நின்னு விக்கட்டும்." சொல்லிக்கொண்டே அவள் படத்தின் மேல் கோடு போட்டேன்.

"அக்கா, நானும் மீ அங்கிளும் எப்படி ஒரே கிச்சன்ல?" என்று முஸ்லிம் கடைக்காரி மெதுவாகக் கேட்டாள்.

"அவர் என்ன பன்றியா விக்கிறாரு? மீன் உருண்டைதானே. எல்லாத்தையும் ஹலால் ஆக்கிட்டா ஒரே நிறத் தட்டு போதும். பிரிக்கிற வேலையே கெடையாது."

"சொல்றது ஈஸி. சர்ட்டிபிகேட்டை யார் எடுக்குறது? யார் பேர்ல?"

"அதெல்லாம் பாத்துக்கலாம்."

நான் அதைக் காதிலேயே வாங்கவில்லை. வரைபடப் பெண் "சூப்பர் ஐடியா ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டாள். அத்தனை வருடத்தில் அந்தப் பள்ளியில் யாரும் என்னிடம் யோசனை கேட்டதில்லை. சாம்பாரில் உப்பைக் குறை, எண்ணெயைக் குறை என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்குப் போய்க் கணவரிடம் பெருமையடித்தேன். அவர் உட்லண்ட்ஸ் பக்கம் பேருந்து ஓட்டுகிறார். வேலை முடிந்து வரும்போது பேசத் தெம்பிருக்காது, நக்கலுக்கு மட்டும் இருக்கும்.

"இஞ்சினியர் அம்மா, இன்னிக்குச் சோறு உண்டா, பிளான் மட்டும்தானா?"

அடுத்த இரண்டு வருடம் பள்ளி ஒரு பழைய கட்டடத்தில் நடந்தது. பிள்ளைகள் குறைந்துபோய் மூடிய வேறொரு பள்ளி அது. வீட்டிலிருந்து நடந்து போனவள் இரண்டு பஸ் மாறிப் போனேன். மாவு வாளியோடு பஸ்ஸில் ஏறினால் சனங்கள் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டாம். முட்டி வலி அங்கேதான் தொடங்கியது. வியாபாரம் நடந்தது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய இடத்துப் பக்கம் போனால் வேலி இடுக்கு வழியாகப் பார்ப்பேன். பின்பக்கம் நீளமாக ஒரே தளம் போட்டிருந்தார்கள். நடுவில் சாக்கடை, நான் சொன்ன பக்கம் சாய்வாக. பெருமையாகத்தான் இருந்தது. இப்போது மறைத்து என்ன ஆகப் போகிறது?

திரும்பிப் போக மூன்று மாதம் இருக்கும்போது நடவடிக்கை மேலாளர் எங்களை ஒவ்வொருவராக அவர் அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காருங்கம்மா. தண்ணி குடிக்கிறீங்களா?"

உட்காரச் சொன்னபோதே தெரிந்துவிட்டது. அதுவரை அவர் என்னை உட்காரச் சொன்னதில்லை.

"புதுக் கேண்டீன்ல ஒரே கிச்சன்மா. அதனால நடத்துறதும் ஒரே கம்பெனி. ஏலக்குத்தகை விட்டு முடிவாயிடுச்சு. தனிக் கடை கெடையாது."

"அஞ்சு ஜன்னல் இருக்கே?"

"இருக்கு. எல்லாம் அவங்களோடது. பிள்ளைங்களுக்கு வீட்டுல முன்னாடியே ஃபோன்ல ஆர்டர் பண்ணிடுவாங்க. சாப்பாடு பெட்டியில வரும். ஜன்னல்ல வாங்கிக்கிட்டுப் போகவேண்டியதுதான்."

"ஏலத்துக்கு எங்களை ஏன் சார் கூப்பிடல?"

"இணையத்துல போட்டிருந்துச்சும்மா. ஆனா பதிவு பண்ணுன கம்பெனியா இருக்கணும். மொத்தக் கிச்சனையும் எடுத்து நடத்தணும். ஹலால் சான்றிதழ் அந்த ஒரு பேர்லதான் இருக்கணும்."

யார் பேரில் என்று முஸ்லிம் கடைக்காரி கேட்டது அப்போதுதான் என் மண்டையில் இறங்கியது. அவர் வரைபடத்தை என் பக்கம் திருப்பினார். முகத்தில் அதே பரிசு விழுந்த சிரிப்பு.

"பாருங்க, நீங்க அன்னிக்குக் கோடு போட்ட மாதிரியே வந்திருக்கு. உங்க ஐடியாதாம்மா."

அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார்.

"என் காசுன்னீங்க. என் ஐடியான்னீங்க. கடை மட்டும் என்னது இல்ல. அப்படித்தானே சார்?"

"ஜிஎஸ்டி எல்லாரும்தான் கட்டுறாங்கம்மா. அதுக்காக எல்லாருக்கும் கடை குடுக்க முடியுமா?"

"எல்லாரும் கட்டுறாங்க. எல்லாருக்கும் கடை போகலையே."

மேசையில் எனக்கென்று வைத்த தண்ணீரை அவரே எடுத்துக் குடித்தார். கம்பெனி பழைய கடைக்காரர்களுக்கு வேலை தரத் தயாராக இருக்கிறது, புதுக் கேண்டீன் திறக்கிற சமயத்தில் நடக்கும் நேர்முகத் தேர்வுக்கு வரலாம் என்று ஒரு தாளைக் கொடுத்தார். எனக்கு வேண்டாம், நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். தாளை ஏன் கையில் எடுத்துக்கொண்டு வந்தேன் என்று தெரியவில்லை.

முஸ்லிம் கடைக்காரிக்கு எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். நான் போட்ட கோட்டின்படிதான் கட்டியது என்பதையும் சேர்த்து. அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"ஒத்த வாயால அஞ்சு கடையை மூடிட்டீங்க அக்கா."

"நான் கிச்சன்தான் சொன்னேன். கம்பெனியா சொன்னேன்?"

"யார் பேர்லன்னு அன்னிக்கே கேட்டேன். பாத்துக்கலாம்னீங்க. பாத்தாச்சா?"

அவள் மகள் அப்போதுதான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்ந்திருந்தாள். வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு என்ன சொல்வது? அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. இடைவேளை முடிந்ததும் என் மஞ்சள் தட்டுகளைப் பிரித்து என் கடை முன்னால் வைத்துவிட்டுப் போவாள், ஒரு வார்த்தை இல்லாமல். நானும் பச்சைத் தட்டுகளை அப்படியே வைத்துவிட்டு வருவேன்.

சீனக் கிழவருக்கு வருத்தமே இல்லை. முதுகு போச்சு, இனி ஓய்வு, பொங்கோலில் மகன் வீட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் இருக்கிறது, மீன் பிடிப்பேன் என்றார். அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனவள் அரை மணி நேரம் தூண்டில் பற்றிக் கேட்டுவிட்டு வந்தேன்.

கடைசி நாளில் பிள்ளைகளுக்கு எதுவும் சொல்லவில்லை. விடுமுறை விட்டுப் புதுப் பள்ளிக்குப் போகிற குஷியில் இருந்தார்கள். கல்லையும் அண்டாவையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு சம்பளத்தில் ஓடிய வீடு, இனி ஒன்றில் ஓட வேண்டும். கணவர் அன்றைக்கு நக்கல் எதுவும் செய்யவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

புதுக் கட்டடம் திறப்பதற்கு முந்தைய வாரம், பழைய கடைக்காரர்கள் வந்து பார்க்கலாம் என்று தகவல் வந்தது. முஸ்லிம் கடைக்காரி வரமாட்டாள் என்று தெரியும். கிழவரும் வரவில்லை. நான் மட்டும் போனேன். எங்கேயாவது ஒரு கோளாறு இருக்கும், கண்டுபிடித்து நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் போனேன்.

கோளாறு இல்லை. தரை காய்ந்திருந்தது. வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன், நின்று பார்ப்பதற்குள் ஓடிப் போனது. புகைப்போக்கியைப் போட்டால் முடி பறக்கிறது. கழுவும் தொட்டி என் இடுப்பு உயரத்துக்கு இருந்தது, குனிய வேண்டியதில்லை. ஒரே நிறத்தில் பெட்டிகள் அடுக்கி வைத்திருந்தார்கள். இந்த மாதிரி ஒரு இடம் இருந்திருந்தால் என் முட்டி தப்பித்திருக்கும். நல்ல சமையலறை. கோபத்தோடு அதன் நடுவில் நின்றேன். அதை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

வரைபடப் பெண் அங்கே இருந்தாள். என்னை நினைவு வைத்திருந்தாள்.

"ட்ரெய்னேஜ் ஓகேவா ஆன்ட்டி?"

"சாக்கடை நல்லா இருக்கு. என் படத்தைப் பாத்துத்தானே எல்லாத்தையும் கட்டுனீங்க. நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா எங்க கடை இருந்திருக்கும். அதைச் சொல்லுங்க."

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறியது.

"ஐயோ, இல்ல ஆன்ட்டி. ஒரே கிச்சன், ஒரே ஆப்பரேட்டர்ங்கிறது அந்த மீட்டிங்குக்கு முன்னாடியே முடிவானது. நாங்க வரைய ஆரம்பிச்சதே அப்படித்தான். உங்ககிட்டேருந்து எடுத்துக்கிட்டது சாக்கடை எங்க வரணும்கிறது மட்டும்தான்."

"அப்ப எதுக்கு எங்களைக் கூப்பிட்டுக் கேட்டீங்க?"

"கேக்கணும் ஆன்ட்டி. அது ஒரு ப்ராசஸ்."

அவள் பொய் சொல்லவில்லை. ஆறுதலுக்காகச் சொன்ன மாதிரியும் இல்லை.

பஸ்ஸில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஐந்து கடையை நான் மூடவில்லை. நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லை. மூன்று மாதமாக என் வாயை நானே சபித்துக்கொண்டிருந்தேன். அந்த வாய்க்கு அவ்வளவு பலம் இருந்ததாக நினைத்ததே தப்பு. நான் பேசியிருந்தாலும் பேசாமல் இருந்திருந்தாலும் ஒன்றுதான், சாக்கடை மட்டும் கொஞ்சம் தள்ளி வந்திருக்கும். அசதியாக இருந்தது. என் நிறுத்தம் வந்தும் எழுந்திருக்கத் தோன்றவில்லை, அடுத்ததில் இறங்கி நடந்தேன்.

சாயங்காலம் முஸ்லிம் கடைக்காரிக்கு ஃபோன் போட்டேன். மூன்றாவது தடவை எடுத்தாள்.

"நான் சொல்லி நடக்கலையாம். மீட்டிங்குக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்களாம்."

பின்னால் அவள் வீட்டுத் தொலைக்காட்சி ஓடியது. பிறகு அதன் சத்தம் குறைந்தது.

"யார் சொன்னா?"

"அந்தப் படம் வரைஞ்ச பொண்ணு. புதுக் கேண்டீனைப் பாக்கப் போனேன்."

"இத்தனை நாளா உங்களைத் திட்டிக்கிட்டு இருந்தேன். இனிமே யாரைத்தான் அக்கா திட்டுறது?"

"என்னையே திட்டு. பழகிடுச்சு."

திட்டினாள். பாத்துக்கலாம் என்று சொன்னதற்கு, யாரையும் பேசவிடாமல் நான் ஒருத்தியே பேசியதற்கு, போன வருடம் அவளுடைய பெரிய கரண்டியை வாங்கித் திருப்பிக் கொடுக்காததற்கு. கரண்டியை நான் கொடுத்துவிட்டேன், அதைக்கூடச் சொல்லவில்லை. பேசி முடிக்கட்டும் என்று விட்டேன்.

"கம்பெனி இன்டர்வியூ என்னிக்கு?" என்றாள் கடைசியில்.

"வியாழக்கிழமை. பத்து மணி."

"போறீங்களா?"

"போகமாட்டேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"அது எனக்கும் தெரியும். போறீங்களான்னு கேட்டேன்."

அந்தத் தாள் சமையலறை அலமாரியில், மாவு டப்பாவுக்கு அடியில் இருந்தது.

"ஒன்பதரைக்கு எங்க வீட்டு புளோக் கீழ வந்து நில்லுங்க" என்றாள். "அங்க போய் யாருக்கும் ஐடியா குடுக்காதீங்க."